எங்க அந்தமான் டைவ் லாட்ஜோட கம்ப்ரஸரை ஓட வச்ச காசிமேட்டு பட்டறை: ஒரு சீசன் முடிஞ்சப்புறம் எழுதுற ரிவ்யூ

கடை பேரு போடல, பட்டறை நடத்தற மெக்கானிக் அண்ணனே வேணாம்னுட்டாரு. "இருக்கற போட்டு வேலையே முடிக்க முடியலமா, நீ வேற நெட்டுல போட்டேன்னா கும்பல் வந்துரும்"னாரு. அதனால அடையாளம் மட்டும் சொல்றேன். கல்மண்டபத்துல இருந்து காசிமேடு ஹார்பர் பக்கம் வர்றப்போ ஐஸ் உடைக்கிற சத்தம் கேக்க ஆரம்பிக்கற எடத்துல ஒரு சந்து, வாசல்ல எப்பவும் ரெண்டு மூணு லேலண்ட் என்ஜின் பிரிச்சுப் போட்டு கெடக்கும், உள்ள ஒரு பழைய லேத்து. போர்டு கெடையாது. அங்க போயி கேட்டா யாரு வேணா கை காட்டுவாங்க.

நாங்க யாருன்னு சொன்னாதான் இந்த ரிவ்யூ எதுக்குன்னு புரியும். என் தம்பி டைவ் இன்ஸ்ட்ரக்டர் (முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிகிட்டு கடலுக்கடில போகக் கத்துக்குடுக்கறவன்), பாண்டிச்சேரிலயும் அந்தமான் ஹேவ்லாக் தீவுலயும் அடுத்தவங்க டைவ் சென்டர்ல ஒம்போது வருஷம் வேலை பாத்தான். அப்புறம் வட அந்தமான்ல திக்லிபூர் தாண்டி, ராஸ் ஸ்மித் தீவு இருக்குல்ல, தண்ணி வத்தறப்போ ரெண்டு தீவையும் மணல் திட்டு ஒண்ணா சேக்கற எடம், அந்தப் பக்கம் ஒரு வங்காளிக் குடும்பத்தோட எடத்த லீஸுக்கு எடுத்து நாலு ரூம் போட்டோம். அங்க அவன், இங்க தண்டையார்பேட்டைல நான். புக்கிங், கணக்கு, சாமான் வாங்கறது, கப்பல்ல ஏத்தறது எல்லாம் என் வேலை. ஒரு போல்ட்டு வேணும்னாலும் நான் மண்ணடில வாங்கி அனுப்பணும், இங்கருந்து போர்ட் பிளேருக்கு கப்பல் ரெண்டரை மூணு நாள், அப்புறம் அங்கருந்து ரோட்டுல கிட்டத்தட்ட ஒரு முழு நாள். (போர்ட் பிளேர் பேரை 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, எங்க வீட்ல இன்னும் போர்ட் பிளேர் தான்.) கப்பலும் தெனம் கெடையாது, மாசத்துக்கு சில தடவை தான். ஒரு சாமான் ஒடஞ்சா புதுசு போய்ச் சேர பதினஞ்சு நாள் ஆனாலும் ஆகும்.

டைவ் லாட்ஜுன்னா பீச், ஹம்மக், மீன் வறுவல்னு தான் எல்லாரும் நெனைக்கறாங்க. அந்த எடத்தோட உயிரு காத்து ரொப்பற கம்ப்ரஸர் தான். டயருக்கு காத்து அடிக்கற மெஷின் எட்டு பத்து பார் (காத்து அழுத்தத்தோட அளவு) குடுக்கும், டைவிங் சிலிண்டருக்கு 200 பார் வேணும், அதுவும் மனுஷன் மூச்சு விடற காத்து, எண்ணெய் வாடை கூட இருக்கக் கூடாது. நாலு ரூம்னா எட்டு கெஸ்ட், ஆளுக்கு ரெண்டு டைவ், ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 16 சிலிண்டர். அது ரொம்பலன்னா மறுநாள் போட்டு கெளம்பாது, கெஸ்ட் கரைல உக்காந்து கடலைப் பாத்துகிட்டு இருப்பாங்க, நாம காசைத் திருப்பிக் குடுக்கணும்.

இந்த மெஷினை நாங்க 2023ல ஒரு பெரிய ஷோரூம்ல வாங்கினோம், பேரு வேணாம். ஏசி ரூம், காபி, பிரசன்டேஷன், எல்லாம் நல்லா தான் இருந்துச்சு. நிமிஷத்துக்கு 200 லிட்டர் குடுக்கற மாடல், 4 கிலோவாட் த்ரீ ஃபேஸ் மோட்டார். மெஷின் நல்ல மெஷின் தான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா எந்த ஊருக்குப் போகுது, அங்க கரண்ட் எப்படின்னு ஒரு கேள்வி அவங்க கேக்கல, நாங்களும் அது ஒரு கேள்வின்னு தெரியாம பில்லு போட்டு வாங்கிட்டு வந்துட்டோம். ஸ்பேர் பார்ட்ஸ் லிஸ்ட் கேட்டதுக்கு "அதெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது மேடம், வாரன்ட்டி இருக்கு"ன்னாங்க. அந்த வாரன்ட்டில தீவுக்கு ஆள் வர்றது கெடையாதுன்றது பின்னாடி தான் தெரிஞ்சுது, மெஷின நாம தான் சென்னைக்கு கொண்டு வந்து குடுக்கணுமாம்.

அங்க எங்க எடத்துக்கு சிங்கிள் ஃபேஸ் லைன் தான் வருது. அந்தமான்ல பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர் வச்சு தான் கரண்டே எடுக்கறாங்க, நம்ம ஊர்ல ஓடற மாதிரி நெனைச்சுக்கக் கூடாது, சாயங்காலம் எல்லா வீட்லயும் லைட் போட்டா எங்க மீட்டர்ல 170 வோல்ட் காட்டும். த்ரீ ஃபேஸ் வேணும்னா கம்பம் நட்டு லைன் இழுக்கணும், அதுக்கு ஆகற செலவும் நாளும் எங்களால முடியாது. தனியா ஜெனரேட்டர் வச்சு ஓட்டலாம்னா மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்போ இழுக்கற இழுப்புக்கு பெரிய ஜெனரேட்டர் வேணும், அதோட டீசல் கணக்கு போட்டா சீசன் லாபம் அதுலயே போயிரும். ஆக மூணு லட்ச ரூபாக்கு மேல குடுத்து வாங்கின மெஷின் தார்பாய் போத்தி உக்காந்துச்சு.

அந்த மொத சீசன்ல வாடகைக்கு ஒரு சின்ன பெட்ரோல் கம்ப்ரஸர் எடுத்து ஓட்டினான் தம்பி. 2024 ஜனவரில ஒரு நாள் காத்து திசை மாறி அடிச்சிருக்கு, பெட்ரோல் என்ஜின் பொகை காத்து இழுக்கற குழாய்ப் பக்கம் போயிருக்கு, யாரும் கவனிக்கல. மறுநாள் மொத டைவ் முடிச்சு மேல வந்த ஒரு கெஸ்ட்டு தலைவலிக்குதுன்னாங்க. தம்பி ஒரு வார்த்த பேசல, அவங்களுக்கு ஆக்ஸிஜன் குடுத்துட்டு, போட்டைத் திருப்பிட்டு வந்து, மீதி இருந்த அத்தனை சிலிண்டரையும் தொறந்து காலி பண்ணிட்டான். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கெடையாது. 20 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கறத விட மூணு மடங்கு, அதனால காத்துல கொஞ்சமா கலந்திருந்தா கூட ஒடம்புல அது மூணு மடங்கா வேலை பண்ணும். அவங்க ஒரு மணி நேரத்துல சரியாயிட்டாங்க. போர்ட் பிளேர் நேவி ஆஸ்பத்திரில டைவர்ங்களுக்கான பிரஷர் சேம்பர் இருக்கு, ஆனா எங்க எடத்துல இருந்து அங்க போய்ச் சேர எத்தனை மணி நேரம்னு நெனைச்சா எனக்கு இன்னிக்கும் கை நடுங்குது. அன்னிக்கு ராத்திரி தம்பி போன்ல சொன்னது, "அக்கா, நம்ம மெஷின் ஓடாம அடுத்த சீசன் தொறக்க மாட்டேன்."

மே மாசம் மெஷின் கப்பல்ல சென்னை வந்துச்சு. நான் மறுபடி ஷோரூமுக்கு போன் போடப் போனேன், எங்க நைனா தான் தடுத்தாரு. அவரு முப்பது வருஷம் விசைப்படகுல போனவரு. "என்ஜின்னா அவன்கிட்ட எட்துகினு போ, அவன் கை வச்சா நடுக்கடல்ல நிக்காது"ன்னாரு. அப்படித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன்.

போனது தப்பான நேரம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், அந்த ரெண்டு மாசத்துல தான் காசிமேடு மொத்தமும் போட்டை ரிப்பேர் பாக்கும், பட்டறைல கால் வைக்க எடமில்ல. அண்ணன் மெஷினை ஏறெடுத்து கூட பாக்கல. "தடை முடிஞ்சு வாமா, இப்ப கை வச்சேன்னா ஒனக்கும் ஒழுங்கா இருக்காது, இவங்களுக்கும் ஒழுங்கா இருக்காது"ன்னாரு. அப்ப கோவம் வந்துச்சு. இப்ப யோசிச்சா அவரு சொன்னது எங்களுக்கும் சரியா பொருந்துது, ஏன்னா மே கடைசில இருந்து அங்க மழை, எங்க சீசன் அக்டோபர்ல தான் மறுபடி தொடங்குது, ஜூன் பாதிக்கு மேல இங்க வேலை பாத்தா நேரம் சரியா இருக்கும். நீங்க போறதா இருந்தா ஜூன் 15க்கு அப்புறம் போங்க, தடை முடிஞ்சு மொத ஒரு வாரம் கூட விட்டுட்டுப் போங்க.

ஜூன் கடைசில போனப்போ மெஷின சுத்தி ஒரு சுத்து வந்தாரு. "இன்னாமா இது, கரண்டே ஒழுங்கா இல்லாத ஊருக்கு கரண்ட் மோட்டாரு குட்து அனுப்பிக்கிறாங்கோ." அப்புறம் உக்காந்து கேள்வி கேக்க ஆரம்பிச்சாரு பாருங்க, ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு எத்தினி சிலிண்டர், காலைல ரொப்புறீங்களா ராத்திரியா, ஷெட்டு கடல்ல இருந்து எவ்ளோ தூரம், காத்து எந்தப் பக்கம் இருந்து வரும், அங்க டீசல் கெடைக்குமா, யாரு ஓட்டுவாங்க, அந்த ஆளுக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியுமா. மூணு லட்சம் வாங்கினவங்க கேக்காத கேள்வி எல்லாம் இவரு கேட்டாரு, அப்பவே எனக்கு பாதி பாரம் எறங்கிடுச்சு.

கணக்கு அவரு போட்டது ஒரு சிகரெட் அட்டைல. சிலிண்டர் 11 லிட்டர், கெஸ்ட்டு மேல வர்றப்போ 50 பார் மிச்சம் இருக்கும், அதனால 150 பார் ரொப்பணும், அது ஏறக்குறைய 1,650 லிட்டர் காத்து, மெஷின் நிமிஷத்துக்கு 200 லிட்டர்னா ஒரு சிலிண்டருக்கு எட்டு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, 16 சிலிண்டருக்கு ரெண்டே கால் மணி நேரம். "போதும்மா, பெரிய என்ஜின் வேணாம்"னு சொல்லிட்டு, மோட்டாரைக் கழட்டிட்டு காத்துல குளிர்ற சிங்கிள் சிலிண்டர் டீசல் என்ஜின் போடலாம்னாரு. மோட்டார் நிமிஷத்துக்கு 2,880 சுத்து, அதுல இருந்த புல்லி (பெல்ட் ஓடற சக்கரம்) அஞ்சு இன்ச்சு. டீசல் என்ஜினை 2,400 சுத்துல வச்சு ஆறு இன்ச்சு புல்லி போட்டா பெருக்கிப் பாத்தா ரெண்டும் 14,400, ஒரே கணக்கு, கம்ப்ரஸருக்கு என்ஜின் மாறினதே தெரியாது. அந்த ஆறு இன்ச்சு புல்லிய அவரே லேத்துல கடைஞ்சாரு.

இன்னொண்ணு அவரு கவனிச்சத நாங்க யாருமே கவனிச்சிருக்க மாட்டோம். கம்ப்ரஸரோட பெரிய சக்கரமே ஒரு ஃபேன் மாதிரி, அதுல ஒரு அம்புக்குறி இருக்கும், அந்தப் பக்கம் சுத்தினா தான் காத்து கூலிங் குழாய் மேல சரியா அடிக்கும். மாத்தி சுத்தினாலும் மெஷின் ஓடும், காத்தும் ஏறும், ஆனா சூடு ஏறி வால்வு போயிரும், காத்துல இருக்கற ஈரமும் ஒழுங்கா பிரியாது. என்ஜின் சுத்தற திசைக்கு ஏத்த மாதிரி மெஷின எந்தப் பக்கம் திருப்பி வைக்கணும்னு ரெண்டு நாள் யோசிச்சு ஃப்ரேமையே மாத்தி அடிச்சாரு.

ஃப்ரேம் பத்தி கொஞ்சம் சொல்லணும். போல்ட்டு எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், என்னைக் கூட்டிட்டுப் போயி அவரே வாங்கினாரு. கடைல 304 காட்டினாங்க, பாக்கறதுக்கு ரெண்டும் பளபளன்னு ஒண்ணு போல தான் இருக்கு, வெலையும் கம்மி. உப்புக்காத்துல 304 ஒரு வருஷத்துல டீ கறை மாதிரி பழுப்பு கட்டிரும்னாரு. எங்க லாட்ஜ் கதவுக் கீல் எல்லாம் அதே கதி தான் ஆச்சு, அப்ப இவரைத் தெரிஞ்சிருந்தா அந்தக் காசு மிச்சம். மெஷினோட இரும்புக் காலுக்கு அடில ரப்பர் வச்சு, பெயின்ட்டு அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க ஒரு பையன் உப்புத்தாள் போட்டுத் தேச்சான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்துச்சே, அப்ப வந்த போட்டு என்ஜின் எல்லாம் இதே பையன் தான் கழுவினானாம், இரும்பு எங்க அரிக்கும்னு அவன் கைக்குத் தெரியுது.

இப்ப முக்கியமான விஷயம். மூச்சுக்காத்து போற பக்கம், அதாவது ஃபில்டர், அதுல இருந்து சிலிண்டருக்குப் போற ஹோஸ், கேஜ், சேஃப்டி வால்வு, இதுல அண்ணன் கை வைக்கல. "என்ஜின் எனக்குத் தெரியும், நீ மூச்சு உடற காத்து எனக்குத் தெரியாதுமா, அத அது தெரிஞ்ச ஆளாண்ட குடு"ன்னு நேரா சொல்லிட்டாரு. தெரியாதத தெரியாதுன்னு சொல்ற மெக்கானிக் எத்தனை பேரு இருக்காங்க? ஆனா ஒரு தப்பு நடந்துச்சு, அதையும் எழுதணும். அவரு இல்லாதப்போ பட்டறைப் பையன் ஃபில்டர் மூடியத் தொறந்து பாத்துட்டு, ஓ ரிங்குக்கு (காத்து கசியாம இருக்கப் போடற ரப்பர் வளையம்) என்ஜினுக்குப் போடற சாதா கிரீஸைத் தடவி மூடிட்டான். நல்லது பண்றதா நெனைச்சு தான் பண்ணான். வீடியோ கால்ல தம்பி அந்த மூடி பளபளன்னு இருக்கறதப் பாத்துட்டு கண்டுபுடிச்சான். அங்க சிலிக்கோன் கிரீஸ் தான் போடணும், சாதா கிரீஸ் வாடை நேரா நொரையீரலுக்குப் போகும். மொத்த ஃபில்டர் அறையும் சுத்தம் பண்ணி, உள்ள இருக்கற கார்பன், ஈரம் உறிஞ்சற மணி எல்லாம் புதுசா மாத்த வேண்டியதாச்சு, அந்தச் செலவ அண்ணன் கூலில கழிச்சுகிட்டாரு. நீங்க அங்க குடுத்தீங்கன்னா ஃபில்டரை வீட்லயே கழட்டி வச்சுட்டு, தொறந்த வாய் எல்லாம் மூடி போட்டு டேப்பு ஒட்டிட்டுக் குடுங்க.

காத்து டெஸ்ட்ட வேற எடத்துல தான் எடுத்தோம். ஐரோப்பால மூச்சுக்காத்துக்கு இஎன் 12021ன்னு ஒரு தரம் இருக்கு, அதுல கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்துல 5 பங்குக்கு மேல இருக்கக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு 500 பங்கு, எண்ணெய் ஒரு கன மீட்டருக்கு அரை மில்லிகிராம். மூணும் அதுக்குள்ள வந்துச்சு. ரிசல்ட் வந்த அன்னிக்கு நான் அந்தத் தாளை எடுத்துட்டுப் போயி அண்ணன்கிட்ட காட்டினேன், அவருக்கு அதுல இருக்கற நம்பர் ஒண்ணும் தெரியாது, ஆனா ரெண்டு தடவ படிக்கச் சொல்லி கேட்டாரு. அந்தப் பெட்ரோல் பொகை கதை திரும்ப நடக்கக் கூடாதுன்னு காத்து இழுக்கற குழாய ஆறு மீட்டருக்கு நீட்டி, என்ஜின் சைலன்சர் ஒரு பக்கம், குழாய் வாய் எதிர்ப்பக்கம் ஒசரமாப் போற மாதிரி வளைச்சுக் குடுத்தாரு. குழாய் வாய்ல ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, "இது எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாத்துட்டு அப்பறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லு"ன்னாரு. தம்பி இன்னிக்கு வரைக்கும் ரிப்பனைப் பாக்காம ஸ்டார்ட்டர் கயித்த இழுக்க மாட்டான்.

பேக்கிங் தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. டேங்க்ல டீசல் சொட்டு இல்லாம காலி பண்ணி, வெளிய தெரியற இரும்புக்கெல்லாம் கிரீஸ் பூசி, பிளாஸ்டிக் சுத்தி, மரப்பெட்டி அடிச்சு, பெட்டிய அடில இருந்து தூக்கற மாதிரி கட்டை வச்சு. கூட ஒரு பிஸ்கெட் டின். அதுல பெல்ட் மூணு, இன்ஜெக்டர் நாசில் (என்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சற முனை) ஒண்ணு, டீசல் ஃபில்டர் ஆறு, ஸ்டார்ட்டர் கயிறு ரெண்டு, தேவையான ஸ்பேனர். ஒவ்வொண்ணு மேலயும் மார்க்கர்ல தமிழ்ல பேரு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு. வாட்ஸ்அப்ல அனுப்பறேன்னு சொன்னவரு, அங்க டவர் ஒழுங்கா கெடைக்காதுன்னு நான் சொன்னதும் கையால படம் வரைஞ்சு லேமினேட் பண்ணிக் குடுத்தாரு. சென்னைல இருந்து அந்தமானுக்கு கடலுக்கடில கேபிள் போட்டு 2020லயே தொறந்தாச்சு, இருந்தாலும் எங்க மூலைல போன் பேசணும்னா மேட்டு மேல ஏறணும்.

2024 அக்டோபர்ல இருந்து 2025 மே வரைக்கும் ஒரு சீசன் முழுக்க ஓடிருச்சு. டிசம்பர் 29ஆம் தேதி, எட்டு கெஸ்ட்டும் நெறைஞ்சிருக்கற வாரம், சாயங்காலம் ஆறு மணிக்கு பெல்ட் அந்துச்சு. தம்பி டின்னைத் தொறந்தான், படத்தப் பாத்தான், நாப்பது நிமிஷத்துல வேற பெல்ட் மாட்டி மிச்ச ஒம்போது சிலிண்டரையும் ரொப்பிட்டான். காலைல ஆறரைக்கு எங்க டுங்கி, அங்க மரப்போட்டுக்கு அப்படித்தான் சொல்வாங்க, வழக்கம் போல கெளம்பிடுச்சு. எனக்கு அந்த விஷயமே ரெண்டு நாள் கழிச்சு தான் தெரியும். பழைய மாதிரி இருந்திருந்தா அந்த ராத்திரி நான் மண்ணடில எந்தக் கடை தொறந்திருக்கும்னு தேடிகிட்டு இருந்திருப்பேன், பெல்ட் போய்ச் சேர்றதுக்குள்ள பொங்கல் வந்திருக்கும்.

குறை சொல்லணும்னா, சொன்ன தேதிக்கு முடியாது. பத்து நாள்னாரு, இருபத்தி மூணு நாள் ஆச்சு, ஒரு கப்பலை விட்டுட்டோம். ஜிஎஸ்டி பில்லு கெடையாது, துண்டுச் சீட்டு தான், லோன் போட்டு லாட்ஜ் நடத்தறவங்களுக்கு இது பெரிய தலைவலி, பேங்க்ல நான் என்ஜின் கடை பில்லை மட்டும் தான் காட்ட முடிஞ்சுது. பாதிக்கு மேல கேஷா குடுக்கணும். கார் உள்ள வராது, பெட்டிய மீன்பாடி வண்டில ஏத்தி மெயின் ரோட்டுக்கு கொண்டு வரணும். டீசல் என்ஜின் சத்தம் ஜாஸ்தி, அதனால ஷெட்ட ரூம்ல இருந்து தள்ளிப் போட்டோம், சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழே கால் வரைக்கும் தான் ஓட்டறோம், ஆமை முட்டை போட வர்ற மாசத்துல அதுக்கு மேல சத்தமும் வெளிச்சமும் கூடாதுன்னு தம்பி கண்டிப்பா இருக்கான்.

செலவு மொத்தம் 71,000, அதுல என்ஜின் மட்டும் 42,000. புல்லி, ஃப்ரேம், போல்ட்டு, பெட்டி, டின்ல இருந்த சாமான் போக அவரு கூலின்னு எடுத்துகிட்டது 9,000. ரொம்பக் கம்மின்னு நைனா கூட சொன்னாரு, கூட 2,000 வச்சா வாங்க மாட்டேன்னுட்டாரு, பையனுக்கு குடுத்தேன்.

தீவுல லாட்ஜ் போடணும்னு என்கிட்ட கேக்கறவங்க எல்லாரும் ரூம் எத்தனை, ஏசி வேணுமான்னு தான் கேக்கறாங்க. நான் அவங்ககிட்ட மொதல்ல கேக்கறது, ஒங்க எடத்துல சாயங்காலம் ஏழு மணிக்கு எத்தனை வோல்ட் வருதுன்னு பாத்தீங்களா. அப்புறம் தண்ணி. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பேயற ஊர்ல பிப்ரவரி மார்ச்ல கெணறு கீழ போயிருது, அதே நேரம் தான் கடல் தெளிவா இருந்து கெஸ்ட்டு ரொம்ப வர்றாங்க, டைவிங் சாமான தெனம் நல்ல தண்ணில கழுவலன்னா உப்பு தின்னுரும். அதுக்கு கூரைத் தண்ணிய சின்டெக்ஸ்ல புடிச்சு வச்சோம், அது தனிக் கதை.

இந்த வருஷம் மெஷின இங்க கொண்டு வரல. தம்பியே அங்க சர்வீஸ் பாத்துட்டு, நாசிலை மட்டும் கழட்டி துணில சுத்தி பார்சல்ல அனுப்பினான், டின்ல இருந்த புதுச அதுல மாட்டிட்டான். அண்ணன் பழச டெஸ்டர்ல வச்சு ரெண்டு பம்பு அடிச்சுப் பாத்தாரு, பீச்சற டீசல் பொகை மாதிரி சீரா வருதான்னு. "இது இன்னும் ஒரு சீசன் வரும், தொடச்சு திரும்ப டப்பால போடச் சொல்லு"ன்னாரு, காசு வாங்கல. போன வாரம் கப்பல்ல ஏத்திட்டேன், கூட ரெண்டு பெல்ட்டும்.